பெரிய கிணற்றுக்கு வந்த ஏழு குடங்கள்

மேட்டுத் தெருப் பெரிய கிணற்றை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அதற்கு இரும்பு வலை போட்டு மூடியிருக்கிறார்கள். போன மாதம் அதன் பக்கத்தில் ஒரு கல் நட்டார்கள். கல்லில் என் நைனாவின் பெயர். அதற்குக் கீழே, 'இக்கிணற்றை எல்லா மக்களுக்கும் திறந்துவிட்டவர்' என்று ஒரு வரி.

திரையை விலக்க என்னைக் கூப்பிட்டார்கள். விலக்கினேன். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். மைக்குக்கு முன்னால் நின்று வணக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பாவை நினைத்துப் பேச முடியாமல் போயிற்று என்று உங்களில் சிலர் நினைத்தீர்கள். ஒருத்தி வந்து என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். பேச முடியாதது நிஜம். காரணம் எரிச்சல். அந்த வரி தப்பு. அது தப்பு என்று சொல்லத் தெரிந்த ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் வராது. எட்டாவது வரை படித்திருக்கிறேன், எழுதவாவது செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வரியை மாற்றச் சொல்லி, கல் நட்ட பிள்ளைகளிடம் மறுநாளே ஆள் அனுப்பினேன். "கல்லு வெட்டியாச்சும்மா, இனிமே இன்னா பண்றது" என்று பதில் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. நைனா ஒரு தோல் மண்டியில் குமாஸ்தா. மண்டியும் அதை ஒட்டின, தோல் பதனிடுகிற ஷாப்பும் ஒரே சாய்புக்குச் சொந்தம். பட்டணத்துக்கும் சீமைக்கும் போகிற கடிதங்களை நைனாதான் இங்கிலீஷில் எழுதுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொல்லைக் கொடியில் போட்டுவிடுவார். சுண்ணாம்பும் ஊறின தோலும் ஆவாரம் பட்டையும் கலந்த அந்த வாசனை நம் ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை? ஆனாலும் அம்மா அந்தச் சட்டையை வீட்டுக்குள் விடமாட்டாள். சட்டையைக் கழற்றிவிட்டுக் கதர்த் துண்டைப் போட்டுக்கொண்டால் நைனா வேறு மனிதர். மனிதருக்குள் உயர்வு தாழ்வு சொல்வது இந்து தர்மமே இல்லை என்பார். சாய்புவும் வேதக்காரரும் சேரி ஜனமும் நாமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பார். அவரும் கதர் கட்டின இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சேரிக்குப் போய் பஜனை செய்வார்கள். இதற்காக ஊரில் வாங்கின வசவு கொஞ்சமில்லை. அவர் பேசினதில் பொய் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு நான் பெற்றவரைத் தூற்றுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

அந்தக் கோடையில் சேரிக் கிணறு கெட்டுப்போயிருந்தது. ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டிகளிலிருந்து வருகிற தண்ணீர் ஒரு மண் கால்வாய் வழியாகப் பாலாற்றுக்குப் போகும். சேரிக் கிணறு அந்தக் கால்வாய்க்கு இருபது அடி தள்ளித்தான். தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். வாயில் வைத்தால் உப்பு, தொண்டையில் இறங்கினால் ஒரு கசப்பு. நான் ஒரு தடவை குடித்துப் பார்த்திருக்கிறேன். ஆற்றில் ஊற்று தோண்டலாம் என்றால் அந்த வருஷம் ஆள் உயரம் தோண்டியும் ஈரமணல்தான் வந்தது.

சேரிக்கு நல்ல தண்ணீர் தந்தது ஒரே இடம், ஷாப்புத் தெருப் பள்ளிவாசல். அங்கே உள்ளே கிணறு, வெளிச்சுவரை ஒட்டிக் கல்தொட்டி. அந்தத் தொட்டியில் சேரிப் பெண்கள் பகல் தொழுகை முடிந்தபின் வீட்டுக்கு இரண்டு குடம் எடுத்துக்கொள்ளலாம் என்று சாய்பு விட்டிருந்தார். பள்ளிவாசலுக்கும் அவர்தான் முத்தவல்லி, அவர் சொல்வதுதான் நடக்கும். பெரிய தயாளம் என்று ஊரே சொன்னது. அவருடைய கால்வாய்தான் சேரிக் கிணற்றைக் கெடுத்தது என்று ஊரில் யாரும் சொன்னதாக நினைவில்லை. நைனா சொல்லவே இல்லை. கலெக்டருக்கு எழுதினார், தாலுகா போர்டுக்கு எழுதினார், பட்டணத்துப் பத்திரிகைக்கு எழுதினார். தினமும் யாருடைய மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து எழுதினாரோ அவருக்கு மட்டும் ஒரு வரி எழுதவில்லை.

என்னோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தவள் ஒருத்தி. சேரிப் பெண். எங்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வது இல்லை. அவள் என்னைத் தோஸ்த் என்பாள், நானும் அவளைத் தோஸ்த் என்பேன். சாய்பு வீட்டுப் பையன்கள் பேசுவதைக் கேட்டு நாங்கள் திருடிக்கொண்ட வார்த்தை. சிலேட்டைத் துடைக்க அவள் கோவைத்தழை கொண்டுவருவாள். எங்கள் எல்லோருக்கும் எச்சில்தான் சிலேட்டுத் தண்ணீர், அவளுக்கு அது பிடிக்காது.

அவளுடைய அம்மா ஷாப்பில் ஆவாரம் பட்டை இடிக்கிறவள். முழங்கை வரைக்கும் செம்பழுப்பாகச் சாயம் ஏறியிருக்கும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது எனக்கு நைனா போட்ட சட்டம். அவளுக்கும் ஒரு சட்டம் போட்டார், தன்னைச் சாமி என்று கூப்பிடக் கூடாது, அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்று. "சரிங்க சாமி" என்றாள் அக்கா. சேரியே சிரித்தது. நைனாவும் சிரித்தார்.

தோஸ்த்துக்கு ஒன்றரை வயதில் ஒரு தம்பி. அந்தக் கோடை முழுக்க அவனுக்கு வயிற்றுப்போக்கு. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. பக்கத்து ஊர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருந்து கொடுத்த டாக்டரம்மா, மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம், நல்ல தண்ணீராகப் பார்த்துக் காய்ச்சிக் கொடுங்கள், சேரிக் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் படவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். பள்ளிவாசல் தொட்டியின் இரண்டு குடம் ஏழு பேர் இருக்கிற வீட்டுக்கு எந்த மூலைக்கு? பையனுக்கு ஒரு சொம்பு எடுத்து வைத்தால் பெரியவர்களில் யாராவது மறந்து குடித்துவிடுவார்களாம். தோஸ்த் அந்தச் சொம்பைக் காவல் காக்கவே பாதி நாள் பள்ளிக்கூடம் வரவில்லை.

இதைக் கேட்டுத்தான் நைனா பெரிய கிணற்றுக்காகக் கிளம்பினார். அவர் அதற்குக் கிளம்பியதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. எப்படிப் பேசினார் என்பதில்தான் கோபம்.

பெரிய கிணறு மாரியம்மன் கோயிலைச் சேர்ந்தது. ராட்டினம், கயிறு எல்லாம் கோயிலுடையது. கயிறு அறுந்துபோனால் புதுசு வரும்வரை அவரவர் வீட்டுக் கயிற்றை எடுத்து வந்து இறைத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் கயிறு இல்லாத வீடு கிடையாது. கோயில் தர்மகர்த்தா அம்மாவுக்குத் தூரத்துச் சித்தப்பா. நைனாவுக்கு மாமா முறை, எனக்குத் தாத்தா. மடியில் எப்போதும் கல்கண்டு வைத்திருப்பார்.

கோயில் மண்டபத்தில் தெருக் கூட்டம் நடந்தது. பெண்கள் தூண் ஓரம், நான் அம்மா மடியில். நைனா முதலில் தர்மம், நியாயம் என்று பேசினார். யாரும் அசையவில்லை. தண்ணீர் ஆண்டவன் கொடுத்தது என்றார். ஒரு ஆள் கொட்டாவி விட்டான். பள்ளிவாசலில் சாய்புமார் செய்கிறதை நாம் செய்ய வேண்டாமா என்று கேட்டார். அதற்குத்தான் தாத்தா வாயைத் திறந்தார்.

"நீ சாய்பு உப்பத் தின்றவன், மாப்ள. உனுக்கு அங்க நடக்கறதெல்லாம் அழகாத்தான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த நிமிஷத்தில்தான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். அவர் மனசில் அது இருந்ததே இல்லை. கூட்டத்தை எப்படியாவது தன் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"இன்னிக்குத் தண்ணிக்கு அங்க போறவங்க நாளைக்குத் தொழுகைக்கும் போயிட்டா யாரு மாமா பொறுப்பு? நீங்களா, நானா?"

கொட்டாவி விட்டவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்கப்புறம் காரியம் மளமளவென்று நடந்தது. அரை மணியில் கிணறு திறக்க ஊர் ஒத்துக்கொண்டது. மூன்று நிபந்தனை. குளித்துவிட்டு வர வேண்டும். நெற்றி வெறுமையாக இருக்கக் கூடாது. மண்பானை, தகர டின் எல்லாம் ஆகாது, பித்தளைக் குடம்தான். நைனா மூன்றுக்கும் தலையாட்டினார். நாள் வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு உகந்த நாள், மண்டிக்கும் அன்றைக்கு லீவு. மண்டிக்கு வெள்ளிக்கிழமை ஏன் லீவு என்று அவருக்கு அன்றைக்கு நினைவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம். அம்மா சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"குளிச்சிட்டு வரச் சொல்றீங்களே, எதுல குளிப்பாங்க?"

"ஒரு நாளைக்குத்தானே. எங்கயாவது பாத்துப்பாங்க."

அம்மா மோரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்கிறவள் அல்ல.

சேரியில் பதினோரு வீடு கிணற்றுக்கு வரத் தயாராக இருந்தது. நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும் என்றதும் ஞானஸ்நானம் வாங்கின நாலு வேதக்கார வீடுகள் விலகிக்கொண்டன. எங்கள் சாமிக்கு அது ஆகாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். முதலில் ஒரு வழி பிறக்கட்டும், அவர்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் நைனா. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் நாலு பேர் அன்றைக்கே கழிந்தார்கள். மிச்சம் ஏழு.

ஏழு வீட்டில் பித்தளைக் குடம் இருந்தது இரண்டு வீட்டில். மற்ற ஐந்துக்குக் கதர்க்காரர்கள் வீடுகளில் கேட்டு வாங்கினார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒன்று. அம்மா தன் தாய்வீட்டுச் சீராக வந்த குடத்தை எடுத்துக் கொடுத்தாள். கழுத்தில் வரிவரியாக வெட்டு, இடுப்பில் வைக்கிற பக்கம் ஒரு சின்ன நசுங்கல். "இதக் கொண்டுபோய் உன் தோஸ்த்து அம்மாகிட்ட குடுத்துட்டு வா, அங்க ஒண்ணும் வாங்கித் தின்னாத" என்றாள்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தோஸ்த்துடன் சேரிக்குப் போனேன். அக்கா வாசலில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அழவில்லை, அழத் தெம்பில்லை. என் குடத்தைப் பார்த்ததும் அதில் தெரிந்த தன் முகத்தைத் தொட வந்தான். அக்கா குடத்தை வாங்கித் தன் முந்தானையால் துடைத்தாள், ஏற்கெனவே பளபளவென்று இருந்ததை.

"அம்மாவுக்கு நல்ல மனசு, பாப்பா. நாளைக்கு இதுல மொத தண்ணி எம் புள்ளைக்குத்தான்."

ஏழு பேரும் எங்கே குளிப்பது என்று மூன்று நாள் அலைந்திருக்கிறார்கள். சேரிக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் உடம்பு அரிக்கும், தலை பிசுக்காகிவிடும், வாசனை வேறு. அப்படிப் போய் நின்றால் குளிக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். கடைசியில் சாய்பு வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தொட்டிக்குப் பக்கத்தில் மறைப்பு கட்டிக்கொண்டு குளிக்கலாம் என்று அந்த அம்மா ஏற்பாடு செய்து, மறைப்புக்குத் தன்னுடைய பழைய புடவை இரண்டையும் கொடுத்திருக்கிறார். தோஸ்த் இதையெல்லாம் சொல்லும்போது குதித்தாள். "அம்மா தலைக்கு ஊத்திக்கப் போவுது. சீயக்காய் கூட வாங்கியாச்சு." எனக்கும் அது திருவிழா மாதிரித்தான் இருந்தது. அதை மனசில் பத்திரமாக வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கிணற்று ராட்டினத்துக்கு நைனா மாலை போட்டிருந்தார். கதர்க்காரர்கள் மூன்று பேரும் நின்றார்கள். தெரு முழுக்க வாசலில் இருந்தது. தாத்தா கிணற்றுப் படியில் உட்கார்ந்திருந்தார், கோபமாக இல்லை, கல்யாண வீட்டில் பந்தி பார்க்க உட்கார்ந்த பெரியவர் மாதிரி.

ஏழு பேரும் வரிசையாக வந்தார்கள். ஈரத்தலையைக் கோடாலி முடிச்சுப் போட்டிருந்தார்கள். நெற்றியில் பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம். இடுப்பில் பித்தளைக் குடம், வெயிலில் கண் கூசிற்று. அக்கா மூன்றாவதாக வந்தாள். எங்கள் குடத்தை எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. தோஸ்த் அவள் பின்னால் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் அந்தச் சொம்பும் இருந்தது.

எல்லாரும் குளிச்சாச்சா என்று தாத்தா கேட்டார். ஆச்சு மாமா என்றார் நைனா. எங்கே என்று கேட்டார். நைனாவுக்குத் தெரியாது. அவர் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆற்றில்தான் என்றார்.

தாத்தா ஆறு இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மடியிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீதானே நேத்து அவங்க வூட்டுக்குப் போயிட்டு வந்தது? எங்க குளிச்சாங்கம்மா? ஆத்துலயா?"

அன்றைக்குவரை பெரியவர்கள் கூடின இடத்தில் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த கேள்வி வந்தால் எழுந்து நிற்போமே, அப்படி நிமிர்ந்து நின்றேன்.

"ஆத்துல தண்ணி ஏது தாத்தா? பள்ளிவாசல் தொட்டியில."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நைனாவும் கத்தியிருப்பார், ஏதாவது நடந்திருக்கும். தாத்தா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கேட்டியா மாப்ள. பள்ளிவாசல் தண்ணிய ஊத்திக்கினு அம்மன் கிணத்துக்கு வந்திருக்காங்க."

நைனா பேச ஆரம்பித்தார். குளித்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் பேச்சு, எங்கே என்று பேச்சில்லையே என்றார். தண்ணீருக்கு மதம் ஏது என்றார். எல்லாம் சரியான பேச்சு. தாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ சொன்னதுதானே, மாப்ள. தண்ணிக்குப் போறவங்க தொழுகைக்கும் போவாங்கன்னு. நாங்க மறந்தாலும் நீ மறக்கலாமா?" என்றார். சொல்லிக்கொண்டே ராட்டினத்திலிருந்து கோயில் கயிற்றை உருவினார். முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றினார். நீளமான கயிறு, சுற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சுற்றினதைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். கிணறு அங்கேயே இருந்தது. உள்ளே தண்ணீரும் இருந்தது. மாலையும் இருந்தது.

அக்கா நைனாவைப் பார்த்துக் கேட்டாள். "இப்ப இன்னா செய்யணும் சாமி?"

"பொறுங்க. நான் பேசறேன்."

பேசினார். ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பேசினார். கதர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். வெயில் ஏறிற்று. ஏழு பேரின் ஈரத்தலையும் காய்ந்துவிட்டது. தம்பி தோஸ்த்தின் தோளிலேயே தூங்கிப்போனான். யாரும் போகச் சொல்லாமலே முதல் குடம் திரும்பிற்று, பிறகு மற்றவை. தோஸ்த் என்னைத் தாண்டிப் போகும்போது நான் அவளைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். கையில் கல்கண்டு பிசுபிசுவென்று உருகிக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் இதை எழுதமாட்டேன். சேரி பழையபடி இரண்டு குடத்துக்குத் திரும்பியிருக்கும். ஆனால் ஊரில் பேச்சு வளர்ந்தது. பள்ளிவாசலில் ஏழு பெண்களைக் குளிப்பாட்டினார்கள் என்று ஆரம்பித்து, அடுத்த வாரத்துக்குள் ஏழு பேருக்கும் துலுக்கப் பேர் வைத்தாகிவிட்டது என்று முடிந்தது. பள்ளிவாசலிலும் முணுமுணுப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகைக்கு ஊர்ச் சாய்புமார் எல்லாரும் வருகிற நாளில், காலையில் தொட்டி காலி, மறுபடி இறைத்து நிரப்பினவனுக்குக் கை கொப்பளம். மண்டிக்கு வெள்ளிக்கிழமை லீவு எதற்கு என்று நைனாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

சாய்பு நைனாவைக் கூப்பிட்டனுப்பினார். நடந்ததை நைனா வீட்டில் அம்மாவிடம் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். சாய்பு திட்டவில்லையாம். டீ வரவழைத்துக் கொடுத்தாராம். "இந்தப் பேச்ச மொதல்ல பேசினது நீங்கதானாமே, குமாஸ்தா" என்று மட்டும் கேட்டாராம். பிறகு சாய்பே சொன்னாராம். "நம்ம கையில ஆயிரம் ஜனம் வேலை செய்யுது. நமக்கு எதுக்கு இந்தப் பேஜார்? தொட்டிக்குப் பூட்டுப் போடச் சொல்லிட்டேன்."

நியாயமாகப் பார்த்தால் அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தொட்டியைப் பூட்டுங்கள், கால்வாயை எப்போது திருப்புவீர்கள் என்று கேட்டிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

ஆக, நைனா சேரிக்காகப் பாடுபட்ட அந்தக் கோடையில் சேரிக்கு இருந்த இரண்டு குடமும் போயிற்று. 

அவர் சும்மா இருக்கவில்லை. பட்டணத்துப் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினார். ஏழு சகோதரிகள் மங்கலக் கோலத்தில் எங்கள் கிணற்றுக்கு வந்த காட்சியை அழகாக எழுதியிருந்தார். கயிறு உருவப்பட்டதை எழுதவில்லை. ஊர் மானம் போகும், நல்லதைச் சொன்னால்தான் நாலு ஊர் பின்பற்றும் என்றார். அந்தப் பத்திரிகைத் துண்டு எங்கள் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. கல் நட்ட பிள்ளைகள் அதைப் படித்துத்தான் கல் நட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கிணறு நிஜமாகவே எல்லோருக்கும் திறந்தது அதற்கு வெகு வருஷம் கழித்து, சர்க்கார் உத்தரவில். அதற்குள் கால்வாய்த் தண்ணீர் மேட்டுத் தெருவரை வந்துவிட்டது. திறந்த அன்றைக்கு அதில் மாடுகூட வாய் வைக்கவில்லை. நம் தெருவுக்கு முந்தின வருஷமே குழாய் வந்திருந்தது, உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கேள்விக்கு நான் வேறு பதில் சொல்லியிருந்தால் என்று யோசித்து யோசித்தே எனக்குப் பேச்சு குறைந்துபோயிற்று. இன்றைக்கும் யாராவது திடீரென்று ஒன்று கேட்டால் முதலில் அவர்கள் கையைப் பார்க்கிறேன்.

நைனா பஜனையை நிறுத்தவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கல்லடி பட்ட நாளும் உண்டு, போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். பாடி முடித்ததும் ஒரு பெரியவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நைனா கும்பிட்டு, "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார். அவர் போன எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் சொன்னாராம். கெட்டுப்போன தண்ணீர் என்பதாலா, அவர்கள் கை என்பதாலா? கடைசிவரை நான் கேட்கவில்லை.

ஆடி மாசத்தில் தோஸ்த் வீடு ஊரைவிட்டுக் கிளம்பிற்று. கோலார் தங்கவயலில் அவளுடைய மாமா இருந்தார். அங்கே வேலையாட்களின் லைன் வீடுகளுக்குக் குழாய் இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே குழாய் என்று எழுதியிருந்தாராம். கிளம்புகிற அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். தோஸ்த் தெருமுனையிலேயே தம்பியோடு நின்றுவிட்டாள். பையன் உயிரோடு போனான். அதற்கப்புறம் அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்கா கையில் எங்கள் குடம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தாள். கழுத்து வரிகளுக்குள்ளேகூட அழுக்கில்லை. அதைத் தேய்த்துக் கழுவுவதற்கு எங்கிருந்து தண்ணீர் பிடித்தாளோ. இரவல் வாங்கின பாத்திரத்தை நம் பக்கத்தில் யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை, கைப்பிடி அரிசியாவது போட்டுத் தருவார்கள். அம்மா குடத்தை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அக்கா உடனே தரவில்லை.

"வெறுங்குடமாத் தரக் கூடாதும்மா, தெரியும். ரொப்பித் தரணும்னுதான் வாங்கினேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குடத்தை வாங்கித் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். அது அங்கேயே இருந்தது, பிறகு முருங்கை மரத்தடிக்குப் போயிற்று. வீட்டுக்குள் வரவில்லை. நைனா தினமும் அதைத் தாண்டித்தான் குளிக்கப் போவார். அது ஏன் வெளியிலேயே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியாது.

அக்கா என் தலையை ஒரு தடவை தொட்டாள். "நீ பொய் சொல்லல, பாப்பா" என்றாள். அதற்குள் அவள் பார்வை என்னைத் தாண்டி வீட்டுக்குள் போயிற்று. நான் திரும்பிப் பார்த்தேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில், என் இடுப்புத் தடிமனுக்குச் சுருட்டி மாட்டியபடி, கோயில் கயிறு அறுந்தால் கிணற்றுக்கு எடுத்துப்போகிற எங்கள் வீட்டுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பெரிய கிணறு முப்பது அடி.